நாச்சிமுத்து கோயமுத்தூர் போய்வந்த விபரம்

செப்டம்பர் 1, ஞாயிறு

இந்த டைரி ஜனவரியில் உரக்கடைக்காரர் கொடுத்தது. பெரிய புள்ளிகளுக்கு மட்டும்தான் கொடுப்பார். எனக்கு வீடு தேடி வந்து கொடுத்தார். வீடு தேடி என்றால், நான் கடைப்பக்கம் போனபோது கூப்பிட்டுக் கொடுத்தார். இரண்டும் ஒன்றுதான். முக்கியமான சங்கதி நடக்கும்போது எழுதலாம் என்று நிறுத்தி வைத்திருந்தேன். இப்போது நடக்கப் போகிறது.

பிற்காலத்தில் படிக்கிறவர்களுக்காகச் சொல்கிறேன். என் பெயர் நாச்சிமுத்து. உடுமலைப்பேட்டையில் தக்காளி மண்டியில் ஏலம் கூவுகிறவன். படிப்பு எட்டாவது வரை. எட்டாவதில் வாத்தியாரே என்னிடம் சந்தேகம் கேட்க ஆரம்பித்ததால், அவர் மனம் சங்கடப்படக் கூடாது என்று நின்றுவிட்டேன். பெட்டியைத் தொடாமலே தக்காளி எந்த ஊர், என்ன ரகம், எத்தனை நாள் தாங்கும் என்று சொல்வேன். என் குரலைக் கேட்டுத்தான் பொள்ளாச்சியில் கடிகாரத்தைத் திருத்துகிறார்கள். நான் ஒரு தரம், ரெண்டு தரம், மூணு தரம் என்று சொல்லி முடித்துவிட்டால் பெட்டி கைமாறியது மாறியதுதான். கலெக்டரே வந்தாலும் திருப்ப முடியாது. மூன்றாவது தரம் சொல்லும் வரைக்கும் யாரும் எதையும் நம்ப வேண்டியதில்லை. இது மண்டிச் சட்டம்.

வருகிற பதினாலாம் தேதி எனக்கும் துளசிமணிக்கும் கல்யாணமாகி முப்பது வருஷம். அன்றைக்கும் மறுநாளும் கோயமுத்தூரில் ஹோட்டலில் தங்கப் போகிறோம். நானும் அவளும் மட்டும். எங்கள் வம்சத்திலேயே இப்படிப் போகிற முதல் தம்பதி நாங்கள்தான்.

நான் உடுமலையிலிருந்து வருவேன். அவள் திருப்பூரிலிருந்து வருவாள். மகள் நித்யகலா வீட்டில் இருக்கிறாள். பேத்தி பிறந்து, மகள் பனியன் கம்பெனி வேலைக்குத் திரும்பியபோது, "ஆறே மாசமுங், புள்ளை எந்திரிச்சு நிக்கட்டும்" என்று சொல்லிப் போனாள். பேத்தி எழுந்து நின்று, நடந்து, ஓடி, இப்போது எல்.கே.ஜி. படித்து எனக்கே இங்கிலீஷ் சொல்லிக் கொடுக்கிறது. துளசி பொங்கல் நோம்பிக்கு இரண்டு நாள் வந்து போவாள்.

எனக்கு ஒரு குறையும் இல்லை. ராஜா மாதிரி இருக்கிறேன். தினமும் பொழுது சாய்ந்ததும் போனில் அவளிடமும் அதைச் சொல்லிவிடுகிறேன்.

செப்டம்பர் 3, செவ்வாய்

மண்டியில் விஷயத்தை வெளியிட்டேன். பெட்டி அடுக்குகிற வேலுச்சாமி எனக்கு மருமகன் முறை. மரியாதை தெரியாதவன்.

"எந்த ஓட்டலுங் மாமா?"

"அஞ்சு நட்சத்திரம்டா."

"அண்ணாந்து பாத்து எண்ணுனீங்ளா?"

எல்லாரும் சிரித்தார்கள். நான் விடவில்லை. "மொட்டை மாடியில நீச்சல் குளமே இருக்குது" என்றேன். போனில் விசாரித்தபோது மாடியில் தண்ணீர்த் தொட்டி புதிதாகக் கட்டியிருப்பதாகச் சொன்னார்கள். மாடியில் தண்ணீர் இருக்கிறது அல்லவா? நீச்சல் அவரவர் சாமர்த்தியம்.

"அதெல்லாம் இருக்கட்டும் மாமா. அத்தை எப்பத்தான் ஊட்டுக்கு வாராங்? கூப்பிட்டீங்ளா இல்லியா?"

"நான் எதுக்குடா கூப்புடோணும்? கண்ணைக் காட்டுனாப் போதும், ஓடியாந்துருவா."

"அப்பக் காட்டுங் மாமா. மூணு வருசமா கண்ணாடிய மாட்டிட்டே இருந்தா அத்தைக்கு எப்புடித் தெரியும்?"

அவனுக்கு அடுத்த லோடு முழுக்க அழுகலாக வரட்டும்.

இந்தக் கோயமுத்தூர் ஏற்பாடே ஒரு வார்த்தை கேட்பதற்குத்தான். "வந்துரு" என்று கேட்க வேண்டும். அவ்வளவுதான். போனில் கேட்க முடியாது. பக்கத்தில் பேத்தி கத்தும், குக்கர் கத்தும். மகள் வீட்டில் கேட்கலாமென்றால் மாப்பிள்ளை இருப்பார். ஆகவே கோயமுத்தூர். எனக்கொன்றும் அவசரமில்லை. வீட்டுக்குத்தான் அவள் கொஞ்சம் தேவைப்படுகிறாள்.

செப்டம்பர் 5, வியாழன்

போனில் துளசி.

"ஏனுங்க, சாப்புட்டீங்ளா?"

"ஆச்சு ஆச்சு. அரிசிம்பருப்புச் சாதம், கத்திரிக்கா வறுவல், பச்சைப்புளி ரசம். அப்பளம் வேற."

உண்மையில் பேக்கரியில் தேங்காய் பன். ஆனால் அரிசிம்பருப்பை மனதில் நினைத்துக்கொண்டுதான் தின்றேன்.

"நீ எப்புடி இருக்கறே?"

"எனக்கென்னங். ஏசி ரூமு, மெத்தைக் கட்டலு. கால் மேல கால் போட்டுட்டு இருக்கறேன்."

மகாராணி மாதிரி இருக்கிறாள். சந்தோஷம்தான். சந்தோஷமில்லாமல் என்ன?

"ஏனுங்க, நம்ம பூச்செடி எப்புடி இருக்குது?"

"அதையேன் கேக்கறே! பந்தல் தாங்குல. ஒரு நாளைக்கு ஒரு படி பூக்குது. அக்கம்பக்கத்துப் பொம்பளைங்க கூடையோட வந்து நிக்கறாங்."

அந்தப் பக்கம் குக்கர் கத்தியது. பிறகு, "அப்பக் கல்யாண நாளைக்கு நம்ம செடிப் பூவே கொண்டாங். நான் கடையில வாங்கிக்குலீங்" என்றாள்.

"ரெண்டு மொழம் என்ன? நாலு மொழமாக் கொண்டாரேன்!"

செப்டம்பர் 6, வெள்ளி

பூச்செடியைப் போய்ப் பார்த்தேன். சமையல்கட்டுக்குப் பின்னால், பாத்திரம் கழுவுகிற தண்ணீர் ஓடிவந்து விழுகிற இடத்தில் துளசி நட்டது. செடி ஓய்வில் இருக்கிறது. சித்திரை மாதத்திலிருந்து ஓய்வில் இருக்கிறது.

செப்டம்பர் 9, திங்கள்

பயண ஏற்பாடுகள். தலைக்குச் சாயம் அடித்தேன். காதுக்கும் கொஞ்சம் அடித்திருக்கிறேன் என்று வேலுச்சாமி சொன்னான். கருப்புக் காது அந்தக் காலத்தில் ராஜாக்களுக்கு இருந்ததாகச் சொல்லிவிட்டு வந்தேன்.

வெள்ளைச் சட்டையைத் தேய்த்தேன். ஒரு பொத்தான் அறுந்திருந்தது. தையலில் நான் கெட்டிக்காரன். ஆனால் வெள்ளை நூல் எங்கே வைத்திருக்கிறாள் என்று தெரியாததால் பச்சை நூலில் தைத்தேன். வித்தியாசமே தெரியவில்லை.

பெல்ட்டில் ஆணியால் புது ஓட்டை போட்டேன். இது மூன்றாவது. இந்தக் காலத்து பெல்ட்டுகள் நாளாக நாளாக நீண்டுகொண்டே போகின்றன. தோல் சரியில்லை.

செப்டம்பர் 12, வியாழன்

கண்ணாடி முன்னால் நின்று "வந்துரு துளசி" என்று சொல்லிப் பார்த்தேன். ஆயிரம் பேருக்குக் கூவுகிற தொண்டை. ஆனால் இருமல்தான் வந்தது. சளி.

நித்யகலா போன் பண்ணினாள். "அப்பா, ஞாயித்துக்கெழமை பொழுதோட அம்மாவைப் பஸ் ஏத்தி உட்டுருங். திங்கக்கெழமை பாப்பாவுக்கு ஸ்கூலு, எனக்கு ஷிப்மென்ட்டு."

"என்ற சம்சாரத்தை எனக்கே ரெண்டு நாள் வாடகைக்கு உடறே, கண்ணு!" என்றேன்.

அவள் சிரித்தாள். நானும் சிரித்தேன். போனை வைத்த பிறகும் கொஞ்ச நேரம் சிரித்துக்கொண்டிருந்தேன். வீட்டில் சத்தம் கேட்டு நாளாகிவிட்டது.

செப்டம்பர் 14, சனி
கோயமுத்தூர், ஹோட்டல் அறை

துளசி குளிக்கப் போயிருக்கிறாள். அதற்குள் எழுதிவிடுகிறேன்.

செடி ஓய்வில் இருப்பதால் அதன் சார்பில் உடுமலை பஸ் ஸ்டாண்டில் நாலு முழம் மல்லி வாங்கினேன். பூக்காரம்மா கட்டியது மாதிரி தெரியக் கூடாது அல்லவா? பஸ்ஸில் உட்கார்ந்து இரண்டு இடத்தில் அவிழ்த்து நானே கோணலாகக் கட்டினேன். இந்த மாதிரி யோசனை எல்லாருக்கும் வராது.

உக்கடத்தில் இறங்கி, அங்கிருந்து டவுன் பஸ்ஸில் காந்திபுரம் போய் நின்றேன். திருப்பூர் பஸ் வந்தது. கூட்டத்தோடு துளசி இறங்கினாள். அரக்குச் சேலை. கையில் ஒரு கூடை. அவள் என்னைப் பார்க்கவில்லை. எட்டி எட்டி இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் தேடினாள். நான் உடனே கூப்பிடவில்லை. என்னைத் தேடுகிற முகத்தோடு ஒருத்தி நின்று ரொம்ப நாளாகிவிட்டது. கொஞ்சம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பக்கத்தில் போனதும், "ஏனுங்க, காதுல என்னங் கறுப்பா?" என்றாள். முப்பது வருஷத்துக்கு அதுதான் வாழ்த்து.

வாழை இலையைப் பிரித்துப் பூவைக் கொடுத்தேன். முகர்ந்தாள். அப்புறம் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நம்ம செடிப் பூவுங்ளா?"

"காத்தால நானே பறிச்சேன். ஏணி போட்டு."

"ஏணி போட்டுங்ளா?"

"பந்தல் அத்தனை ஒசரம்!"

"ஆரு கட்டுனது?"

"நாந்தான்."

கோணலான இடத்தை விரலால் தடவிப் பார்த்தாள். "ஆமாங். உங்க கட்டுத்தான்" என்று சொல்லித் தலையில் வைத்துக்கொண்டாள். அவ்வளவு பூவையும். ரொம்பச் சந்தோஷம் அவளுக்கு. கண்கூட லேசாக ஈரமாகிவிட்டது.

அறை நன்றாக இருக்கிறது. இரண்டு தனித்தனிக் கட்டில்கள், நடுவில் ஒரு மேஜை. மேஜை சுத்தத் தேக்கு, நாலு ஆள் தூக்க வேண்டியது. நான் ஒற்றை ஆளாக நகர்த்தினேன். கட்டில்களையும் சேர்த்துவிடலாமா என்றேன்.

"சும்மா இருங். கீழ இருக்கறவங் என்ன நெனைப்பாங்? வயசான காலத்துல."

"யாருக்கு வயசாச்சு?"

"கட்டலுக்கு" என்றாள். சிரித்தேன். மூன்று வருஷமாக இந்தப் பேச்சைத்தான்... அது கிடக்கட்டும்.

பெரிய கடைக்குப் போனோம். நகரும் படி. துளசி பயந்தாள். எனக்கு இதெல்லாம் பழக்கம் என்று ஏறிக் காட்டினேன். பாதியில் படி என்னைக் கண்டு தடுமாறிவிட்டது. அதைச் சமாளிக்க நான் உட்கார்ந்துகொண்டேன். உட்கார்ந்தபடியே மேலே போனேன். அப்படித்தான் சௌகரியம். துளசி கீழே நின்று முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். கல்யாணமான புதிதில் சிரித்தது போலவே இருந்தது. இறங்கி வந்து இன்னொரு தரம் போகலாமா என்று பார்த்தேன்.

மத்தியானம் சாப்பாடு. சாம்பார், ரசம், மோர் என்று வரிசையாக ஒரு வெட்டு வெட்டினேன். துளசி தன் இலையைத் தொடாமல் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். "மெல்லத் தின்னுங்" என்றாள். அவள் கூடையில் ஒப்பிட்டு, அதுதான் பருப்புப் போளி, சுட்டுக் கொண்டுவந்திருந்தாள். மரியாதைக்காக ஒன்று எடுத்தேன். டப்பா காலியானது எப்படி என்று தெரியவில்லை.

பொழுது இறங்கினதும் பூங்காவில் ஒரு பெஞ்சில் உட்கார்ந்தோம். காற்று நன்றாக வந்தது. வார்த்தை தொண்டை வரைக்கும் தயாராக வந்து நின்றது. வாயைத் திறந்தேன். அவள் முந்திக்கொண்டாள்.

"ஏனுங்க, கலா மறுக்கா முழுகாம இருக்கறா. மூணு மாசம்."

நல்ல சேதி. ஆனந்தமான சேதி. கைதட்டினேன் என்று நினைக்கிறேன்.

"இன்னும் நாலஞ்சு வருசம் அங்கயே இருக்கச் சொல்றாளுங். நான் என்னங் சொல்லட்டும்?"

என்னையே பார்த்தாள். நான் யோசிக்கவே இல்லை. "இதுல கேக்கறதுக்கு என்ன இருக்குது? நீ இருந்துக்கோ. புள்ளை முக்கியம். எனக்கென்ன, ராஜா மாதிரி இருக்கறேன். தெனமும் ஊட்டுல விருந்து. செடி பூத்துக் கொட்டுது" என்றேன்.

துளசி பதில் பேசவில்லை. சந்தோஷத்தில் பேச்சு வரவில்லை போலிருக்கிறது. அறைக்கு வரும் வரைக்கும் வரவில்லை.

குளியலறையில் தண்ணீர்ச் சத்தம் நின்றுவிட்டது. நிறுத்துகிறேன்.

செப்டம்பர் 15, ஞாயிறு
உடுமலை பஸ்ஸில், குலுங்குகிறது. எழுத்து கோணல் என் தப்பில்லை.

காலையில் கோனியம்மன் கோயிலுக்குப் போனோம். வெளியே வந்ததும் துளசி ஒரு கடையில் ஊசியும் வெள்ளை நூலும் வாங்கினாள். அறைக்கு வந்து என் பச்சை நூலைப் பிரித்தாள்.

"சட்டையக் கழட்டட்டுமா?"

"வேண்டாமுங். போட்டுட்டே இருங்."

நெஞ்சுக்குப் பக்கத்தில் குனிந்து தைத்தாள். நேற்று வைத்த பூ பழுப்பாகியிருந்தது, எடுக்காமல் வைத்திருந்தாள். தலைமயிரில் நிறைய நரை. என் தாடையில் உரசியது. முடிச்சுப் போட்டு நூலைப் பல்லால் கடித்தாள். அப்போது கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. ஊசி பக்கத்தில் இருக்கும்போது பேசக் கூடாது.

பிறகு பெல்ட்டைப் பிடித்து, ஆணி ஓட்டைகளை ஒவ்வொன்றாக விரலால் தொட்டுப் பார்த்தாள். நான் தோலின் தரம் பற்றி எதுவும் விளக்கவில்லை.

பொழுதோடு காந்திபுரம். திருப்பூர் பஸ்ஸில் அவளை ஏற்றி ஜன்னல் ஓரம் உட்கார வைத்துவிட்டுக் கீழே நின்றேன். டிரைவர் இன்னும் வரவில்லை.

"ஏனுங்க."

"சொல்லு."

"நம்ம செடி எப்பங் பட்டுப்போச்சு?"

நான் பெரிதாகச் சிரித்தேன். "பட்டுப்போச்சா? எவன் சொன்னான்? நேத்துத்தான ஏணி போட்டு..."

"நான் வெச்சது ஜாதிமல்லிங். நீங்க கொண்டாந்தது குண்டுமல்லி."

தக்காளியில் ஒரு ரகம் விடாமல் சொல்கிறவன் நான். பூவிலும் இப்படி ரகங்கள் உண்டென்று யாரும் என்னிடம் தெரிவிக்கவில்லை.

"நேத்தே தெரியுமா?"

"எலையப் பிரிச்சப்பவே தெரியுமுங்."

"அப்பறம் ஏன் வெச்சுக்கிட்டே?"

"கோணலாக் கட்டியிருந்தீங்ளே" என்றாள்.

பிறகு ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, மெதுவாக, கணக்குச் சொல்லிக் கொடுக்கிற மாதிரி பேசினாள். "பூவுக்காகக் கேக்குலீங். பாத்திரங்கழுவற தண்ணிதான் அந்தச் செடிக்குப் பாயும். செடி காஞ்சுதுன்னா ஊட்டுல பாத்திரங்கழுவுலீன்னு அர்த்தம். பாத்திரங்கழுவுலீன்னா அடுப்பே எரியுலீன்னு அர்த்தம். அப்ப தெனமும் போன்ல சொன்னீங்ளே, பச்சைப்புளி ரசம், கத்திரிக்கா வறுவலு, அதெல்லாம் ஆருங் வெச்சது?"

எனக்குப் பதில் எப்போதும் கேள்விக்கு முன்னால் வந்துவிடும். இந்தத் தரம் டிரைவர் வருகிறாரா என்று திரும்பிப் பார்த்தேன்.

"நீங்க ராஜா மாதிரி இருக்கறேன், ராஜா மாதிரி இருக்கறேன்னு சொன்னா நான் என்னங் நெனைப்பேன்? நான் இல்லாததுல இந்த மனுசனுக்கு ஒரு கொறையும் இல்ல, இன்னும் நல்லாத்தான் இருக்குறாருன்னு நெனைச்சேன். நேத்துக்கூட நான் என்ன சொல்லட்டும்னு உங்களத்தான கேட்டேன்? நொடியில 'இருந்துக்கோ'ன்னீங்." அவள் குரல் உடைந்தது. "தக்காளிப் பெட்டிய ஊருக்கே கேக்கறாப்பல கூவறீங். என்னைய ஒரு தரம், ஒரே ஒரு தரம், வான்னு கூப்புட்டீங்ளா?"

டிரைவர் ஏறி வண்டியைக் கிளப்பினார்.

"வந்துரு" என்றேன்.

"கேக்குலீங்."

"வந்துரு துளசி."

"வண்டிச் சத்தத்துல ஒண்ணுங் கேக்குலீங்!"

"வந்துரு துளசி! ஊட்டுல ஒண்ணுமே நல்லால்ல! வந்துரு!"

மண்டிக் குரலில் வந்துவிட்டது. காந்திபுரம் பஸ் ஸ்டாண்டே திரும்பிப் பார்த்தது. இதை நான் கூட்டிச் சொல்லவில்லை. உண்மையாகவே திரும்பிப் பார்த்தது.

கண்டக்டர் படியிலிருந்து எட்டிப் பார்த்து, "அண்ணா, அக்கா வந்து உக்காந்தே நேரமாச்சு. இன்னும் எங்கீங் வரச் சொல்றீங்?" என்றார்.

துளசி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். சிரிக்கிறாளா அழுகிறாளா என்று தெரியவில்லை.

"ஒரு தரம்" என்றாள்.

"என்னது?"

"ஒரு தரம் ஆச்சுங். உங்க மண்டிச் சட்டப்படி இன்னும் ரெண்டு தரம் இருக்குது."

பஸ் போய்விட்டது. திரும்பி ஹோட்டல் வழியாகத்தான் உக்கடம் பஸ்ஸுக்கு நடந்தேன். அது வழி இல்லை. இருந்தாலும் அந்த ஜன்னலைப் பார்த்துவிட்டு வந்தேன். கட்டில்களைச் சேர்த்தே போட்டிருக்கலாம்.

செப்டம்பர் 16, திங்கள்

தொண்டை கட்டிவிட்டது. வேலுச்சாமி ஏலம் கூவினான். சுமார்தான். "நீச்சக் கொளம் எப்புடிங் மாமா?" என்றான். "கொளமெல்லாம் இல்லடா" என்றேன். பயந்துபோய் என் நெற்றியில் கை வைத்துப் பார்த்தான்.

செப்டம்பர் 18, புதன்

"ஏனுங்க, சாப்புட்டீங்ளா?"

அவியல் என்று நாக்கு நுனி வரைக்கும் வந்தது. விழுங்கினேன்.

"ரசம் வெச்சேன். உப்பு சாஸ்தியாப் போச்சு. கீழ ஊத்திட்டு பன்னு தின்னேன்."

அந்தப் பக்கம் பேத்தி ஏதோ பாட்டுப் பாடுவது கேட்டது.

"துளசி, வந்துரு."

"கலாவை இந்த நெலமையில உட்டுட்டு எப்புடிங் வாரது? நீங்களே சொல்லுங்."

"தெரியுல."

"என்னங்?"

"அதுக்கு எனக்குப் பதில் தெரியுல துளசி."

"தெரியாதுன்னு சொல்றீங்ளா? நீங்களா?"

"ஆமா."

மூக்கை உறிஞ்சினாள். "ரெண்டு தரமுங்" என்று போனை வைத்துவிட்டாள்.

செப்டம்பர் 22, ஞாயிறு

சொல்லாமல் திருப்பூர் போனேன். மூன்றாவது மாடி. பேத்திதான் கதவைத் திறந்தது. "அப்புச்சி! காதுல என்ன பெயின்ட்டு?" என்றது. இந்தச் சாயம் போக மாட்டேன் என்கிறது.

ஹாலில் சோபாவில் உட்கார்ந்தேன். சோபாவுக்குப் பின்னால் ஒரு பாய் சுருட்டி வைத்திருந்தது. மேலே தலையணை. தலையணை உறை எங்கள் வீட்டு உறை, துளசி தன் கையால் பூப்போட்டது. இருப்பதோ இரண்டே அறை. ஒன்றில் மகளும் மாப்பிள்ளையும், இன்னொன்றில் துணி மூட்டையும் பேத்தியின் சாமானும். ஏசி ரூம், மெத்தைக் கட்டில் எல்லாம் எங்கே என்று நான் தேடவில்லை. துளசியும் கொஞ்சம் ஏலம் கூவியிருக்கிறாள். முப்பது வருஷம் யாரோடு வாழ்ந்தாள்?

அவள் சமையல்கட்டில் இருந்தாள். எட்டிப் பார்த்தாள், மறுபடியும் உள்ளே போய்விட்டாள். கரண்டிச் சத்தம் நின்றுவிட்டது.

மாப்பிள்ளை எதிரில் உட்கார்ந்தார். "மண்டியெல்லாம் எப்புடிங் மாமா?" என்றார். வழக்கமாக இந்தக் கேள்விக்கு நான் அரை மணி நேரம் பேசுவேன்.

"கண்ணு" என்றேன் நித்யகலாவிடம். "அம்மாவை ஊட்டுக்குக் கூட்டிட்டுப் போலாம்னு வந்தேன்."

"ஏனுங்ப்பா? உங்களுக்குத்தான் ஒரு கொறையும் இல்லீன்னு..."

"கொறை இருக்குது கண்ணு."

"உடம்புக்கு ஏதாச்சுங்ளா?"

"உடம்பெல்லாம் நல்லாத்தான் இருக்குது. உங்கம்மா இல்லாம இருக்க முடியுல."

மாப்பிள்ளை எதிரில்தான் சொன்னேன். அவர் தரையைப் பார்த்தார். நான் சுவரைப் பார்த்தேன். சுவரில் பேத்தி வரைந்த யானை இருந்தது.

நித்யகலாவுக்குக் கண் நிறைந்துவிட்டது. கோபமா வருத்தமா என்று எனக்குத் தெரியவில்லை. "அப்ப எனக்கு ஆருங்ப்பா இருக்கறாங்?" என்றாள். நியாயமான கேள்வி. அதற்குத்தான் நாலு நாளாக எனக்கும் பதில் தெரியாமல் இருந்தது. பஸ்ஸில் வரும்போது பாதி பதில் தெரிந்தது. அந்தப் பாதியைச் சொன்னேன்.

"ஏழாம் மாசம் பாப்பாவையும் கூட்டிட்டு நம்மூட்டுக்கு வந்துரு கண்ணு. தாய் ஊட்டுலதான பிரசவம் பாக்கோணும்? மொதப் பிரசவத்துலயும் இங்கயே ஆஸ்பத்திரின்னு இருந்துட்டே. அது வரைக்கும் என்ன பண்றதுன்னு எனக்குத் தெரியுல."

மாப்பிள்ளை தொண்டையைச் செருமினார். "எங்கம்மா வந்து இருக்கறேன்னு சொல்லிட்டேதான் இருக்கறாங் மாமா. நாங்கதான், அத்தை இருக்கறாங்களேன்னு கூப்புடுல. தீவாளி முடிஞ்சா வந்துருவாங்."

"தீவாளி வரைக்கும் அம்மா இருக்கட்டுமுங்ப்பா" என்றாள் நித்யகலா. மூக்கைத் துடைத்துக்கொண்டு, "இத்தனை நாளா ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமில்லீங்" என்றாள்.

"சொல்லத் தெரியுல கண்ணு."

பிறகு எழுந்து சமையல்கட்டு வாசலில் போய் நின்றேன். துளசி முதுகைக் காட்டிக்கொண்டு நின்றாள். அடுப்பில் ஏதோ தீய்கிற வாசம். கத்திரிக்காய்.

"வந்துரு துளசி" என்றேன். கூவவில்லை. சும்மா சொல்லுகிற குரலில்தான். அது எனக்கே புதுக் குரலாக இருந்தது.

திரும்பாமலே கரண்டியை எடுத்து வாணலியில் ஒரு தட்டுத் தட்டினாள்.

"மூணு தரமுங்" என்றாள்.

அக்டோபர் 6, ஞாயிறு

தீபாவளிக்கு இன்னும் நாள் கிடக்கிறது.

பக்கத்துத் தெருவில் ஒரு வீட்டில் கேட்டு ஜாதிமல்லிக் குச்சி வாங்கிப் பழைய இடத்திலேயே நட்டேன். இலையையும் பூவையும் அந்த வீட்டம்மா எனக்குக் காட்டிக் கொடுத்தார். மொட்டின் அடியில் இளஞ்சிவப்பு ஓடும். இனி மறக்காது.

இப்போது தினமும் பாத்திரம் கழுவுகிறேன். பாத்திரம் கழுவ வேண்டும் என்பதற்காகவே சமைக்கிறேன். சமைத்ததைச் சில நாள் தின்னவும் முடிகிறது.

பொழுது சாய்ந்ததும் துளசி போன் பண்ணினாள். "குச்சி துளுத்துருச்சுங்ளா?"

பந்தல் போட ஆள் சொல்லியிருக்கிறேன் என்று சொல்லத்தான் வாய் வந்தது.

"இல்ல. இன்னும் குச்சியாத்தான் இருக்குது."

"தண்ணி பாயுதுங்ளா?"

"பாயுது."

"அப்பச் சரிங்" என்றாள்.